மார்கோசாவின் வியர்வை

1995 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் பிரேசர் டவுனில், மகளின் ஞானஸ்நான விருந்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த அமல், பிற்பகல் மூன்று இருபதுக்கும் மூன்றரைக்கும் நடுவில் ஒன்றே முக்கால் பக்கெட் வியர்த்தார். அதே பத்து நிமிடத்தில், அவர் பராமரிக்கும் பந்தயக் குதிரை மார்கோசா, மெட்ராஸ் கிண்டி மைதானத்தில் ஓடி, இரண்டாவதாக வந்து, உடம்பில் ஒரு துளி ஈரமில்லாமல் லாயத்துக்குத் திரும்பியது. அளவு சரியாகத் தெரிந்ததற்குக் காரணம் அமலின் மச்சான் மதலைமுத்து. அவர் ஏசி மெக்கானிக். எது ஒழுகினாலும் அடியில் பக்கெட் வைப்பது அவர் கைப்பழக்கம்.

புழுக்கமான ஊருக்குப் போன சில குதிரைகளுக்கு வியர்வை நின்றுவிடும் என்பது ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, ஒருநாள் ஓடும்போதே விழுந்துவிடும். மார்கோசாவுக்கு நான்காம் வயதில் நின்றது. குதிரைக்குச் சொந்தக்காரி மௌரீன், தினம் ஒரு பாட்டில் பீர் ஊற்றிப் பார்த்தார். உப்பு கொடுத்துப் பார்த்தார். குதிரை பீரை விரும்பிக் குடித்ததே தவிர வியர்க்கவில்லை. அந்த மாதம் அமலுக்கு இரண்டு சட்டை போதாமல் போயிற்று. பிறகு ஐந்து. பந்தயம்கூடப் பரவாயில்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மெட்ராஸ் பயணம்தான் கொடுமை. ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் தகர டிரெய்லரில், கிருஷ்ணகிரி தாண்டியதும் குதிரைக்குச் சூடு ஏறும். வேலூர் வருவதற்குள் பக்கத்தில் நிற்கும் அமலைப் பிழிந்து காயப்போடலாம். அறுபத்தொரு கிலோ இருந்தவர் இரண்டு வருடத்தில் நாற்பத்தேழுக்கு வந்தார். சிவாஜிநகர் டாக்டர் நிறைய இளநீர் குடிக்கச் சொன்னார்.

“வேலைய விட்டுடுன்னா கேக்கமாட்டேங்கறாருண்ணா,” என்று மதலைமுத்துவிடம் வந்து நின்றாள் அவர் தங்கை, அமலின் மனைவி கேத்தரின். “நான் விட்டுட்டா அது செத்துடும்ங்கறாரு. அப்ப நீங்க செத்தான்னு கேட்டா அதுக்குப் பதில் இல்ல.”

“பதில் இல்லாம என்ன மச்சான்,” என்றார் அமல் வாசலிலிருந்து. “இவளுக்கு ரெண்டாவது ஆளு கெடைக்கும். அதுக்குக் கெடைக்காது.”

“பாத்தியாண்ணா வாய? ஒடம்புல தண்ணி இல்ல, வாய்ல மட்டும் வழியுது.”

டிரெய்லரின் கூரையில் ஏசி வைப்பது கேத்தரினின் யோசனை. குதிரைக்குச் சூடே ஏறாவிட்டால் புருஷனுக்கு எதற்கு வியர்க்க வேண்டும் என்று கேட்டாள். மதலைமுத்துவுக்குத் தயக்கம். சிவாஜிநகர் இறைச்சிக் கடைகளின் குளிர் அறைகள்தான் அவர் பிழைப்பு. “இதுவரைக்கும் செத்ததத்தான் குளிர வச்சிருக்கேன் கேத்தி. உயிரோட இருக்கறது ஒதைக்கும்.” ஆனாலும் மூடிப்போன ஒரு சினிமா தியேட்டரின் மேனேஜர் அறையிலிருந்து ஒன்றரை டன் ஏசியை வாங்கிவந்தார். ஜன்னல் ஏசியைப் படுக்கப் போட்டால் கம்ப்ரஸர் போய்விடும் என்பதால், கூரையை வெட்டி, மரக்கூடு கட்டி, அதை நிமிர்ந்த வாக்கிலேயே உட்காரவைத்தார். குளிர்காற்று முதுகில் நேராக விழுந்தால் குதிரைக்குப் பிடித்துக்கொள்ளும். தகரத்தை வளைத்துக் காற்றைப் பக்கச் சுவரில் அடித்து இறங்கும்படி செய்தார். கல்யாண வீடுகளுக்கு லைட் போடுகிறவரிடம் ஜெனரேட்டர் கிடைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் டிரெய்லர், தலையில் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய ஆள் மாதிரி இருந்தது.

நவம்பரில் முதல் பயணம். மதலைமுத்துவும் உடன் போனார். கிருஷ்ணகிரி தாண்டியது, ஆம்பூர் தாண்டியது, அமலின் சட்டை காய்ந்தே இருந்தது. வேலூரில் டீ குடிக்க இறங்கியபோது, வந்த வழி முழுக்க ரோட்டில் ஒரு ஈரக்கோடு கிடப்பதை மதலைமுத்து பார்த்தார். ஏசியின் தண்ணீர்க் குழாய் சொட்டவில்லை, ஊற்றியது. ஒன்றரை டன் மிஷின் எவ்வளவு தண்ணீர் விடும் என்று அவருக்குத் தெரியும். இது அதைப்போல எட்டு மடங்கு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. வெதுவெதுப்பாகவும் இருந்தது. டீ ஆறுவதற்குள் போய்க் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

ஊர் திரும்பியதும் டிரெய்லரை மௌரீனின் காம்பவுண்டில் நிறுத்தினார்கள். குதிரை கிண்டியிலேயே சீசன் முடியும்வரை தங்கியது. பந்தய நாட்களில், ஜெனரேட்டர் இல்லாமல், கரண்ட் இல்லாமல், மார்கோசா ஓடும் நேரத்துக்குக் குழாய் கொட்டியது. பக்கத்துத் தெரு ஆடுகள் உப்பு நக்க வந்து வரிசையில் நின்றன. “என்ன மேன் முத்து, என் ரோஜாச் செடியெல்லாம் கருகிப்போச்சு, ஒரு லீக் அடைக்கத் தெரியாதா உனக்கு?” என்றார் மௌரீன்.

முப்பது வருடம் ஒழுகலை அடைத்துச் சாப்பிட்டவரிடம் அப்படிக் கேட்கக் கூடாது. அடுத்த ஞாயிறு காலை மதலைமுத்து குழாயின் வாயை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஒரு சொட்டு வரவில்லை. வேலை சுத்தமாக இருந்ததில் அவருக்குச் சந்தோஷம். மூன்று மணிக்குமேல் கேத்தரின் செருப்பில்லாமல் தெருவில் ஓடிவந்தாள். வீட்டில் அமல் தரையில் கிடந்தார், பாய் மிதந்தது, கண்கள் உள்ளே போயிருந்தன. “என்னண்ணா செஞ்ச?” என்று மட்டும் கேட்டாள். அவர் சைக்கிளை எடுத்து மிதித்தார். காம்பவுண்டில் பொறுமையாகப் பற்றுப் பிரிக்க நேரமில்லை. ரம்பத்தை எடுத்து, குழாயை ஒரு சாண் மேலே அறுத்தார். தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. அந்த நிமிடம் அமல் எழுந்து உட்கார்ந்து இளநீர் கேட்டதாகக் கேத்தரின் பிறகு சொன்னாள்.

அதன்பின் அந்தக் குழாயை யாரும் அடைக்கவில்லை. மௌரீன் ரோஜாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிமெண்ட் போட்டு, ஆடுகளுக்கு ஒரு தொட்டி கட்டினார். 1999-இல் மார்கோசா ஓய்வு பெற்று ஓசூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனது. அங்கே தனக்குத் தோன்றும்போது ஓடுகிறது என்பதால் குழாய்க்கு இப்போது நேரம் காலம் கிடையாது. உப்பு அரித்து இரும்புக் குழாய் வருடத்துக்கு ஒன்று போனது. 2004-இல் மதலைமுத்து பிளாஸ்டிக் குழாய் போட்டார். அமல் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார். டிராஃபிக்கில் நிற்கும்போது அவருக்கும் மற்ற டிரைவர்களைப் போலக் கொஞ்சம் வியர்க்கிறது.