இரண்டு படங்களுக்கு நடுவில்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், சென்ட் லோரன்டில் ஒரு சின்ன அலுவலகத்தில் கஜந்தினிக்கு வேலை. இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, ஐரோப்பாவில் எங்கெங்கே குண்டு விழுந்தது என்று குறிக்க வேண்டும். இன்று அங்கே வீடு கட்டத் தோண்டுகிறவன் வெடிக்காத குண்டில் கைவைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். முந்திய படத்தில் இல்லாத குழி பிந்திய படத்தில் இருந்தால், குண்டு இடையில் விழுந்தது. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

ஆனால் இதே கணக்கைத் தம்பி பிரணவனுக்குப் போட்டுப் பார்க்க இத்தனை வருடமாக அவளுக்குத் துணிவு வரவில்லை. கடைசிச் சண்டையில், வன்னியில் மாமா வீட்டுப் பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், காயத்தோடு கிடக்கிறான் என்பதுதான் அவளுக்குக் கிடைத்த கடைசிச் செய்தி. வருவான் என்றே இருந்தாள். இரண்டு அறை வீடெடுத்து, ஒன்றில் அவனுக்குக் கட்டில் போட்டாள். வந்த சம்பந்தங்களைத் 'தம்பி வரட்டும்' என்று தட்டிக் கழித்தாள். பைத்தியம் என்று சொன்ன சனம் நிறைய. வந்திருந்து ஒரு தேத்தண்ணி குடித்தவர்தான் யாருமில்லை.

போன கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு மாமா வீட்டு வளவைச் சண்டை நேரத்தில் எடுத்த செய்மதிப் படங்கள் இரண்டை வாங்கினாள். செவ்வாய்க்கிழமைப் படத்தில் கிணற்றடியில் 'ட' போல பங்கர் இருந்தது. அதே வார வியாழக்கிழமைப் படத்தில் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம்.

எந்தக் குழியையும் இன்னொருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது அலுவலக வழக்கம். பக்கத்து மேசைச் சென்னைக்காரன் தீபக்கிடம் காட்டினாள்.

"நேரா பங்கர் மேலயே விழுந்திருக்கு. உள்ள யாராவது இருந்திருந்தா அவ்ளோதான். ஜெர்மனியா மேடம்?"

"ஓம்," என்றாள்.

ஞாயிறன்று கர்க்லாண்டில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அம்மா இந்திராதேவி அங்கேதான். வருடா வருடம் பங்குனியில் ஒரு நாள் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பின்பக்கப் பனியில் காகத்துக்குச் சோறு வைப்பார். அணில்தான் தின்னும் என்று அண்ணி முணுமுணுப்பார். காகத்துக்குச் சோறு புரட்டாசிச் சனிக்கு வைப்பதல்லவா, பங்குனியில் ஏன் என்று கஜந்தினி ஒருநாளும் கேட்டதில்லை.

"அம்மா, தம்பிக்கு இனித் திவசம் செய்யலாம். அந்தப் புதன்கிழமையாத்தான் இருக்கும். பஞ்சாங்கத்தில திதியைப் பாருங்கோ."

அம்மா பஞ்சாங்கத்தை எடுக்கவில்லை.

"பங்குனி, அபரபக்கச் சப்தமி," என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மாமா அந்த வருசமே சொன்னவர். தன்ர கையாலதான் மண் போட்டு மூடினவராம். உன்ர அண்ணைக்கும் தெரியும். நீ அவனுக்குக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாய், பிள்ளை. உனக்கு என்னெண்டு சொல்லுறது?"

எல்லோரும் எப்போதோ அழுது முடித்திருந்தார்கள். காத்திருந்தது அவள் ஒருத்திதான். ஆத்திரம் வந்தது, அழுகை வரவில்லை.

"சோறு வைக்கேக்க என்னையும் ஒருக்கால் கூப்பிட்டிருக்கலாம் அம்மா," என்றாள்.