அரைக் கட்டை கீழே

“நீ வாசிக்காம சும்மா நின்னா யாருக்காவது தெரியுமா?” என்று ரோவெனா ஹெஸ்கெத் ஒருமுறை என்னைக் கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அது. மோர்கேம் கடற்கரைச் சாலையில் இருக்கும் த்ரீ ஆங்கர்ஸ் பப்பில் எங்கள் குழு வாசித்து முடித்திருந்தது. தாழ்ந்த சுருதியில் பாட்டுக்கு அடித்தளம் போடும் என் பேஸ் கிடாரின் வயரை நான் சுருட்டிக்கொண்டிருந்தேன். ரோவெனாவும் நானும் ஒரே வகுப்பு. பதினாறு வயதில் கடைசித் தேர்வை எழுதாமல் நான் பள்ளியை விட்டேன். அவள் லீட்ஸில் இசைக் கல்லூரிக்குப் போய் அதே பேஸ் கிடாரைப் படிக்கிறாள். கேலிக்காக அவள் அப்படிக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேலி என்றால் நான் மறந்திருப்பேன். சுருட்டிய வயரைப் பிரித்து மறுபடியும் சுருட்டினேன். பிறகு என் நோட்டில் மூன்று பக்கம் பதில் எழுதினேன். அந்த நோட்டு தலையணை உறைக்குள் இருக்கிறது.

எங்கள் குழுவில் நான்கு பேர். கிடார் வாசிக்கும் டென்ஸில் சுவர் பூசுகிறவர். டிரம்ஸ் வாசிக்கும் கிளெம், கேஸ் அடுப்பு பழுது பார்ப்பவர். லோர்னா பாடுவார். ஒன்றுவிட்ட ஞாயிறுகளில், மாலை நான்கு மணிக்கு, மற்றவர்களின் பழைய பாட்டுகளை வாசிப்போம். டிரம்ஸுக்கும் சூதாட்ட மெஷினுக்கும் நடுவே இரண்டு அடி இடம் உண்டு. அங்கேதான் நான் நிற்பேன். கூட்டம் லோர்னாவின் முகத்தைப் பார்க்கும், அதன் பிறகு டென்ஸிலின் விரல்களைப் பார்க்கும். என்னை யாரும் பார்ப்பதில்லை. ஜனங்களுக்கு நடுவில் இருந்துகொண்டே யார் கண்ணிலும் படாமல் இருக்க எனக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே இடம் அது. மற்ற நாட்களில் மீன் வறுவல் கடையின் பின்பக்கம் உருளைக்கிழங்கு நறுக்குகிறேன்.

அந்த இடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் லோர்னா. பள்ளி பஸ் ஓட்டுவது அவர்தான். நான் பள்ளியை விட்ட பிறகும் ஒரு வாரம், என் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்துவிட்டுப் போனாராம். பின்னொரு நாள் நான் தோளில் கிடார் பையுடன் நடப்பதைப் பார்த்து, காலி பஸ்ஸை ஓரம் கட்டி, “ஏறு பிரையனி கண்ணு, எங்களுக்கு பேஸ் வாசிக்க ஆள் இல்ல” என்றார். என்னால் வாசிக்க முடியுமா என்றுகூடக் கேட்கவில்லை. என் ஆம்ப்ளிஃபயர் அன்றிலிருந்து அவர் கார் டிக்கியில்தான் இருந்தது. வாசித்து முடித்ததும் அவர் காரிலேயே என்னை வீட்டில் விடுவார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் லோர்னாவின் குரல் உச்சத்துக்குப் போக மறுத்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஞாயிறு டென்ஸில், தன் கிடாரில் கம்பி அடிக்கடி அறுந்துபோகிறது, அதனால் எல்லாக் கம்பியையும் சுருதி அரைக் கட்டை இறங்கும்படி தளர்த்திக்கொள்கிறேன், எல்லாரும் அப்படியே செய்தால் நல்லது என்றார். அவர் கம்பி அறுந்து நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து நாங்கள் கிளெமின் வேனுக்குள் உட்கார்ந்து சுருதியை இறக்கிக்கொண்டுதான் பப்புக்குள் நுழைவோம். லோர்னாவின் எதிரில் யாரும் அதைச் செய்வதில்லை. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். த்ரீ ஆங்கர்ஸில் பியர் குடிக்க வருகிறவர்களைப் பொறுத்தவரை, லோர்னாவின் குரல் இருபது வருஷமாக அப்படியே இருந்தது.

ஜூலையில் என் இடது ஆள்காட்டி விரலைக் கத்தி பதம் பார்த்தது. ஆறு தையல். வர முடியாதவர்தான் தனக்கு மாற்று ஆளைப் பிடித்துத் தர வேண்டும் என்பது இங்குள்ள எல்லாக் குழுக்களிலும் வழக்கம். நான் யாரையும் யோசிப்பதற்கு முன்பே டென்ஸில் போனில் சொல்லிவிட்டார், ரோவெனா விடுமுறைக்கு வந்திருக்கிறாளாமே என்று. அவர் குரலில் ஒரு குஷி இருந்தது. நான் ஒரு தடவைகூடத் தவறாமல் வருகிறேன் என்பதற்காக அவர் ஒருநாளும் அப்படிக் குஷியானதில்லை.

ரோவெனாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். ஒரே நிமிஷத்தில் சரி என்றாள். பாட்டுகளைக் கொஞ்சம் எழுதித் தருகிறாயா, ஒத்திகைக்கு நேரமில்லை, நேராக வந்து நின்றுவிடுகிறேன் என்றாள். நேராக வந்து நின்றுவிடுவாளாம். அந்த இரண்டடி இடத்தில் பயமில்லாமல் நிற்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

நோட்டைப் பார்த்து இருபத்திரண்டு பாட்டுக்கும் எழுதினேன். நாலாவது பாட்டில் கிளெம் வேகமெடுப்பார், இழுத்துப் பிடி. ஒன்பதாவதில் அவர் பியர் குடிக்க எட்டு எண்ணிக்கை நிறுத்துவார், நீ நிறுத்தாதே. டென்ஸில் கண்ணை மூடினால் இன்னொரு சுற்று வாசிக்கப் போகிறார் என்று அர்த்தம். எல்லாம் எழுதினேன். கம்பியை இறக்குவதை மட்டும் எழுதவில்லை.

மறக்கவில்லை. முதல் வரியாக அதை எழுதத்தான் இடம் விட்டிருந்தேன். பேனாவோடு அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளை மடித்துவிட்டேன். ஒரு பாட்டு மட்டும் அவள் தடுமாறட்டும் என்று நினைத்தேன். பேஸ் தப்பினால் என்ன ஆகும் என்று ஒருமுறை அவள் காதாலேயே கேட்கட்டும். பிரையனி எப்போது திரும்பி வருவாள் என்று யாராவது கேட்கட்டும். லோர்னாவை நான் நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை டென்ஸில் கேட்டார். “எல்லாம் எழுதிக் குடுத்துட்டியா? அந்தக் கம்பி சமாச்சாரமும்?”

“ம்” என்றேன்.

ஞாயிறு, கட்டுப் போட்ட விரலோடு கடைசி மேசையில் லெமனேடுடன் உட்கார்ந்திருந்தேன். வெளியூர் போயிருந்த ரோவெனாவின் ரயில் தாமதம். நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே வந்தாள். கிளெமின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். லோர்னாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தாள். என் ஆம்ப்ளிஃபயரில் தன் வயரைச் செருகினாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் இடத்தில் நின்றாள். அந்த இடம் அவளுக்குக் கொஞ்சம் சின்னதாகத்தான் இருந்தது.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் பல்லில் மணல் கடிபட்டது போலிருந்தது. பாரில் நின்றவர்கள் திரும்பினார்கள். ரோவெனா இரண்டே தாள அடியில் கையை எடுத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் கிடார் கழுத்தில் ஒரு கட்டம் கீழே தள்ளி வாசிக்க ஆரம்பித்தாள். பாதிப் பாட்டுக்குள் ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிட்டது. நானாக இருந்தால் அழுதுகொண்டு வெளியே ஓடியிருப்பேன்.

பாட்டு முடிந்ததும் அவள் டென்ஸில் பக்கம் சாய்ந்து கேட்டாள். அவளுக்கும் டென்ஸிலுக்கும் நடுவே லோர்னாவின் மைக் இருந்தது.

“நீங்க எல்லாரும் அரைக் கட்டை கீழயா வாசிக்கிறீங்க? என் அடிக் கம்பியில அதுக்குக் கீழ இடமே இல்ல. ஒரு நிமிஷம் குடுங்க, இறக்கிக்கிறேன்.”

பப் முழுவதும் கேட்டது. பாரில் சாய்ந்திருந்த ஒரு ஆள் கிளாஸை உயர்த்தினார். “என்ன லோர்னா, மேல ஏற ஏணி வேணுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அங்கே எதற்கும் சிரிப்பார்கள். லோர்னாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே டென்ஸிலிடம் சொன்னார்.

“கம்பிய ஏத்து.”

“வேணாம் லோர்னா. இப்படியே நல்லாத்தான இருக்கு.”

“ஏத்துன்னு சொன்னேன்.”

டென்ஸில் கூட்டத்தின் முன்னாலேயே ஒவ்வொரு கம்பியாக முறுக்கினார். அதற்கு ரொம்ப நேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு இரண்டாவது பாட்டை ஆரம்பித்தார்கள். ரோவெனா நன்றாக வாசித்தாள். லோர்னாவின் கழுத்து நரம்புகள் புடைத்து நிற்பது கடைசி மேசைவரை தெரிந்தபோதும், கிளெம் ரோவெனாவைப் பார்த்துத் தலையாட்டியதைத்தான் நான் கவனித்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

பல்லவி இரண்டாம் முறை வந்தபோது லோர்னாவின் குரல் உடைந்தது. காற்று மட்டும் வந்தது. உடனே கூட்டம் சத்தமாகப் பாடி அந்த இடத்தை மூடியது. ஏணி கேட்ட ஆள்தான் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடினார். லோர்னா மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார், ஏதோ அப்படித்தான் செய்ய நினைத்திருந்தவர் போல. அதன் பிறகு கீழ்க்குரல் பாட்டுகளை மட்டும் பாடிவிட்டு அரைமணி நேரம் முன்னதாகவே முடித்தார்.

ரோவெனா நேராக என் மேசைக்கு வந்தாள்.

“கிளெமோட வாசிக்கிறது இவ்ளோ கஷ்டமா? மனுஷன் தறிகெட்டு ஓடுறாரு. நீ எப்படிப் புடிச்சு நிறுத்துறன்னே தெரியல. நான் புதன்கிழமை லீட்ஸ் கிளம்புறேன், அடுத்த தடவை தையலோடயாவது நீயே வந்துரு.” பிறகு என் தாளைப் பையிலிருந்து எடுத்தாள். “அவரு பியர் குடிக்கிற இடத்தக்கூட எழுதியிருக்க. கம்பி இறக்குறத எப்படி விட்ட?”

இப்போதும் அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“மறந்துட்டேன்” என்றேன்.

“எங்கிட்ட எழுதிட்டேன்னு சொன்னியே” என்றார் அங்கே வந்த டென்ஸில். அவர் பின்னால் லோர்னா மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே வந்தார். சுருட்டிய கை நின்றது. டென்ஸிலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அந்தத் தாளின் உச்சியில், ஒரு வரிக்கான இடம் வெள்ளையாக இருந்தது.

வெளியே தூறல். டென்ஸில் வழக்கம்போல என் ஆம்ப்ளிஃபயரை லோர்னாவின் கார் டிக்கியில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். நான் வழக்கம்போலக் காரின் இடப்பக்கக் கதவருகே நின்றேன். லோர்னா வந்து டிக்கியைத் திறந்தார். ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் தூக்கி, பப்பின் கூரை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், நடைபாதை நனையாமல் இருந்த பக்கமாகப் பார்த்து என் காலருகே வைத்தார். அதன் உறை விலகியிருந்தது. குனிந்து அதை இழுத்து மூடினார். பிறகு காரில் ஏறி, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, மெதுவாகச் சாலையில் இறங்கிப் போனார்.