எந்தச் சிஞ்ஞோரா?

பல்லுக்குத்து என்றால் ஊர் முழுக்கச் சொல்வோம். முழங்கால் நோ என்றால் கோயில் வாசலில் நின்றும் சொல்வோம். வயிற்றாலே போகிறது என்றால் மட்டும் எங்கள் ஆட்கள் வாய் திறக்கமாட்டார்கள். குகனேஸ்வரி என்கிற நானும் அரை வருசம் அப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

பலெர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் சிஞ்ஞோரா நின்ஃபாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சிஞ்ஞோரா என்றால் இத்தாலிய மொழியில் அம்மணி, எந்தப் பொம்பிளைக்கும் பொருந்தும். தொண்ணூறைத் தாண்டிய மனுசி, கட்டிலோடு கிடை. சாவுக்குப் பயமில்லை, தனியாகச் சாவதற்குத்தான் பயம். அவவின் புருசன் ஆசுப்பத்திரியில் பக்கத்தில் ஒருவரும் இல்லாத நேரத்தில் போய்ச் சேர்ந்தவராம். "கூகா, என்னைத் தனிய விட்டிடாதை" என்று ஒவ்வொரு நாளும் கேட்பா. என் முழுப்பெயர் அந்த வாய்க்குள் அடங்காது. "விடமாட்டன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வாக்குக் கொடுத்தது வாய். வயிறு அதற்குக் கட்டுப்படவில்லை. சாப்பிட்ட கையோடு முறுக்கும், ஓடுவேன். கக்கூசுக் கதவைத் திறந்து போட்டபடி, "வாறன் சிஞ்ஞோரா, வாறன்" என்று உள்ளே இருந்து கத்துவேன். எனக்கே என்னை நினைக்க அருவருப்பாக இருந்தது.

கடைசியில் மகள் கேசிகாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். கேசிகா இங்கே பிறந்தவள், இத்தாலிய மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"வயிறு ஊதிக்கொண்டு நோகுதெண்டு சொல்லு பிள்ளை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத்தரம் வெளிக்குப் போறன் எண்டும் சொல்லு."

சொன்னாள். டாக்டரம்மா முகம் மலர்ந்து "பிராவா!" என்றா. இதற்கெல்லாமா பாராட்டு என்று நான் முழித்தேன். பிறகு ஏதோ வேகமாகக் கேட்டா.

"அம்மா, உடம்பு போகுதோ எண்டு கேக்கிறா."

"இல்லையே, உடம்பு அப்பிடியேதான் இருக்கு."

"நோ" என்றாள் என் மகள். கரைத்துக் குடிக்க ஒரு மாவு எழுதித் தந்தா டாக்டரம்மா.

என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும், உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா ஏழெட்டுத் தடவை வீட்டை விட்டு வெளியே போய் வருகிறா என்று மகள் மொழிபெயர்த்திருக்கிறாள். நல்லாக நடக்கிறா என்று டாக்டரம்மாவுக்குச் சந்தோசம். 'உடம்பால் போவது' என்றால் இவர்கள் பேச்சில் மலம் கழிப்பது. மெலிவைக் கேட்கிறா என்று நினைத்து நான் இல்லை என்று சொன்னதால் எனக்கு மலச்சிக்கல் என்று முடிவாகிவிட்டது. தந்தது பேதி மருந்து! பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. பலெர்மோவில் பிறந்தவளுக்கு வெளி என்றால் தெருதான்.

மாவைக் குடித்தபின் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான். ஒரு முற்பகல் நான் உள்ளே இருக்கும்போது தடாலென்று சத்தம் கேட்டது. ஓடிவந்தால் சிஞ்ஞோரா நிலத்தில் கிடக்கிறா, நெற்றியில் இரத்தம். என்னைத் தேடி எழும்பப் பார்த்திருக்கிறா. ஏசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போயிட்டாய் எண்டு நினைச்சன்" என்றா. அந்த நேரம் செத்தாலும் பரவாயில்லை போல இருந்தது எனக்கு.

சிஞ்ஞோராவின் மகன் வந்து காயத்தைப் பார்த்தார். கோபக்காரர் இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. "கூகா, அம்மாவுக்குப் பக்கத்திலையே இருக்கக்கூடிய ஆள்தான் வேணும். சுகப்படுத்துங்கோ. இல்லாட்டி நான் வேறை ஆளைப் பாக்க வேணும்."

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். இந்தமுறை கேசிகா வாய் திறக்க முதல் நானே தொடங்கினேன். என்னிடம் கொஞ்ச இத்தாலிய மொழி இருக்கிறது. ஒவ்வொரு பின்னேரமும் மகனுக்குப் போனில் சொல்கிற மொழி அது. சிஞ்ஞோரா சாப்பிட்டா, சிஞ்ஞோரா நித்திரை, சிஞ்ஞோராவுக்கு வயிறு போனது. அதில் 'நான்' என்ற பேச்சே இல்லை.

"சிஞ்ஞோராவுக்கு வயிறு போகுது," என்றேன். "கனதரம். தண்ணி மாதிரி."

"எந்தச் சிஞ்ஞோரா? நீங்கள் பாக்கிற கிழவியோ?"

என் வயிற்றில் கையை வைத்தேன். "இந்தச் சிஞ்ஞோரா."

டாக்டரம்மா பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. கேசிகா என் பக்கம் திரும்பினாள். "மம்மா, வெளிக்கு எண்டா அதுவோ?" என்று கேட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள்.

இரத்தம், மலம் எல்லாம் சோதித்தார்கள். புழுவில்லை, புண்ணில்லை. குடல் எரிச்சல் கொண்டு துடிக்கிற வருத்தம் என்றா டாக்டரம்மா. மாவை உடனே நிறுத்தச் சொல்லி, அன்ரிபயோட்டிக் எழுதினா. காய்ச்சலுக்குத் தருகிறதை இதற்கு ஏன் தருகிறீர்கள் என்று கேட்டேன்.

"இது இரத்தத்திலை பெரிசாச் சேராது, குடலுக்குள்ளையே நிண்டு வேலை செய்யும். எல்லாருக்கும் கேக்காது. கேட்டாலும் வருத்தம் திரும்பி வரலாம். சுகம் எண்டு இடையிலை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."

எங்கள் ஆட்கள் இரண்டு குளிசையோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்கிறவர்கள். நான் ஒன்று விடாமல் விழுங்கினேன். ஓட்டம் குறைந்தது. வயிறு ஊதுவதும் அடங்கியது. முழுச்சுகம் என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க முடிந்தது.

குளிசை முடிந்து கொஞ்ச நாளில் சிஞ்ஞோரா சாப்பாட்டை விட்டுவிட்டா. ஒரு மத்தியானம் மூச்சு விட்டுவிட்டு வரத் தொடங்கியது. மகனுக்குப் போன் அடித்தேன். தூரத்தில், திராப்பனி ஊரில் நிற்கிறாராம், உடனே வெளிக்கிடுகிறாராம். கதிரையை இழுத்துப் போட்டு அவவின் கையைப் பிடித்தேன். என் வயிறு ஒருதரம் உறுமியது. "இண்டைக்கு மட்டும் பொறு" என்று அதைக் கெஞ்சினேன். எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன், சுவரில் தொங்கிய அவவின் மாதாவையும் சேர்த்து. வயிறு அடங்கியது.

"கூகா?"

"இஞ்சைதான் இருக்கிறன், சிஞ்ஞோரா."

விரல்கள் ஒருமுறை இறுகின. பிறகு தளர்ந்தன. நான் கையை எடுக்கவில்லை.

மகன் படியேறி ஓடிவந்து வாசலில் நின்றார். தாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "தனியவோ?"

"இல்லை," என்றேன், அவருடைய மொழியில். "நான் இருந்தன்."

அவர் கட்டிலடியில் குந்தி, சின்னப் பிள்ளை போல் அழுதார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.