வெயில் விழுந்த வளவு

"நீ உள்ளுக்குப் போ மங்கை. மிஸ்ஸோட நான் கதைக்கிறன்" என்றார் கனகசிங்கம்.

மங்கையற்கரசி அசையவில்லை. வீடும் அதைச் சுற்றிய வளவும் அவளுடையது. தாய்வழியாகச் சீதனமாய் வந்தது. பெண்ணுக்குத்தான் வீடு என்பது வாவிக்கு மேற்கே இந்தப் படுவான்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அண்ணன் கனகசிங்கம் அம்மன் கோயில் வண்ணக்கர், கோயில் நிர்வாகம் அவர் கையில். கோயிலில் அதிகாரம் பண்ணிப் பழகியவருக்கு ஊரில் எந்த வளவுக்குள் கால் வைத்தாலும் அது கோயில் வளவு மாதிரித்தான்.

மிஸ் என்பது பேர்னிஸ். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்த பறங்கிப் பெண், ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம் அது. சனம் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வந்திருந்தாள். கரண்ட் கம்பி வாவிக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. பொழுது பட்டால் இந்தக் கரையில் நின்று அந்தக் கரை வெளிச்சத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். இங்கே விழும் வெயிலை அளந்து, நல்ல இடமாகப் பார்த்து ஒரு சூரியத் தகட்டை நட்டால், பகலெல்லாம் லாம்புகளுக்குச் சார்ஜ் ஏற்றலாம். பொழுது படும்போது வீட்டுக்கு ஒன்றாகச் சனம் எடுத்துப் போகலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

கையில் வெயில் அளக்கும் ஒரு சின்னப் பெட்டியோடு பேர்னிஸ் ஊரெல்லாம் சுற்றிவிட்டாள். எங்கே போனாலும் மாவும் பலாவும் தென்னையும் மறைத்தன. இந்த வளவு மட்டும் வெட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் முகாம் இருந்த காலத்தில், பார்வைக்கு மறைக்கிறது என்று மரமெல்லாம் தறித்துவிட்டார்கள்.

"பின்னேரத்தில இஞ்ச நிழல் விழுமாக்கா?"

"விழும் மிஸ். மூணு மணிபோல வேம்பிட நிழல் இந்தா, இவடத்த மட்டும் வரும்."

பேர்னிஸ் திரும்பிப் பார்த்தாள். வேம்பு இல்லை. அடிக்கட்டைகூட இல்லை. கனகசிங்கம் தொண்டையைச் செருமினார்.

அந்த வேம்பின் கீழே நின்றவனைத்தான் ஒரு பின்னேரம் முகாமிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். அவள் புருசன் யோகராசா, தோளில் கிடந்த சட்டையைப் போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை. மரத்தைத் தறித்தது அதற்குப் பிறகு. இன்றைக்கும் பின்னேரமானால் மங்கை அந்த இடத்தைச் சுற்றித்தான் போவாள். அங்கே நிழல் கிடக்கும், நிழலுக்குள் அவன் நிற்பான், தோளில் சட்டை கிடக்கும். செத்தவன் என்றால் ஆவி என்று சொல்லலாம். அவன் செத்தானென்று யாரும் வந்து சொல்லவில்லையே.

பேர்னிஸ் அங்கேயே காத்திருந்து, மூன்று மணிக்கு அந்த இடத்தில் பெட்டியைப் பிடித்துப் பார்த்தாள். "இல்லக்கா, நிழலே இல்ல. இந்த ஊரில நல்ல வெயில் இவடத்ததான்."

அவன் நிற்கும் இடத்தில் ஒன்றுமே இல்லையென்று ஒரு பெட்டி சொல்லிவிட்டது. மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல வருடத்துக்குப் பிறகு, அந்த நேரத்தில் அந்த மண்ணில் கால் வைத்தாள். வெயில் சுட்டது.

"கோயிலடியில தகட்ட நடுங்க மிஸ்" என்றார் கனகசிங்கம்.

"அங்க ஆலமரம் மறைக்குது ஐயா. வெட்டுவீங்களா?"

"அது அம்மாளிட மரம். ஆனா விளக்கு வெக்கிற நேரத்தில ஊர்ச்சனம் இந்த வளவுக்க வந்தா வெளிச்சம் எடுக்கிற? என்ட தங்கச்சிதான், இல்லையெண்டு சொல்லல்ல. முறையெண்டு ஒண்டு இரிக்கிதானே."

மங்கை இன்னும் பொட்டு வைத்திருந்தாள். அவள் அழிக்காததை ஊர் தன் பாட்டில் அழித்துவிட்டிருந்தது. கலியாண வீட்டுக்குச் சொல்ல வருபவர்கள் அவள் வாசல் படலையை மட்டும் கடந்து போவார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர்கள் அவளை எதிரே கண்டால் வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவார்கள்.

வண்ணக்கர் இறங்கி வந்தார். "சரி, நடட்டும். சனம் வாற நேரம் மட்டும் நீ குசினிக்க இரி, மங்கை. முன்னுக்கு வராத."

"அண்ண, கோயில்ல இரிக்கிற அம்மாளும் புருசன அநியாயத்துக்குப் பறிகுடுத்து, சிலம்போட நியாயம் கேட்டுப் போனவதானே. அவவ எந்தக் குசினிக்க இருத்தி வெச்சிரிக்கிறீங்க?"

வண்ணக்கர் படலைப் பக்கம் நடந்தார்.

"இஞ்சயே நடுங்க மிஸ்" என்றாள் மங்கை. "லாம்ப நான்தான் என்ட கையால எடுத்துக் குடுப்பன். வேணாமெண்டவங்க இருட்டுக்க இரிக்கட்டும்."

தகடு நட்டு, லாம்பு கொடுக்கும் முதல் நாள் வந்தது. பொழுது சாய்கிற நேரம் பெண்கள் படலையடியில் கூடிவிட்டார்கள். உள்ளே வர ஒருத்திக்கும் துணிவில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை. கனகசிங்கம் மட்டும் முன்னுக்கு வந்து நின்றார். தோற்றுப்போனவர் கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முதல் லாம்ப ஒரு கட்டுக்கழுத்தி வந்து எடுக்கட்டும். புருசனோட வாழுறவ. மத்தவங்க புறகு எடுக்கலாம்."

சொல்லிவிட்டு ஆளைத் தேடினார். முன்னால் நின்றவள் பூரணம். அவள் புருசன் விறகுக்குப் போனவன், மாடு மட்டும் வீடு வந்து சேர்ந்தது. அடுத்தவள் நேசம்மா, அவள் புருசனைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதற்கடுத்தவளுடையவன் விடியப்புறம் வாவிக்கு வலை கொண்டுபோனவன். வண்ணக்கரின் கண் போய்க்கொண்டே இருந்தது. கண் பட்ட ஒவ்வொருத்தியும் தலையைக் குனிந்தாள். ஒவ்வொரு சாவீட்டுக்கும் போய் வந்தவர்தான் அவர். இத்தனை பேரையும் ஒரு வரிசையில் அவர் பார்த்ததில்லை.

கடைசியில் அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை நின்றாள்.

"நீ வா, நீ எடு" என்றார். குரல் பாதி கெஞ்சலாக வந்தது.

சீதேவிப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றாள். கழுத்துத் தாலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், ஏதோ திருடிய பொருள் மாதிரி.

"இவங்க எல்லாரும் எடுக்கட்டும். நான் கடைசியா எடுக்கிறன்."

பூரணம்தான் முதலில் படலையைக் கடந்தாள். மங்கை லாம்பை எரியவிட்டுக் கொடுத்தாள். வெளிச்சத்தில் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த முகத்தை யாரும் நேரே பார்த்து எத்தனையோ காலம். பூரணம் அழுதாள். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

கனகசிங்கம் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி தன் முறை வரும்வரைக்கும் காத்திருந்து, லாம்போடு வந்து சேரும் மட்டும், வண்ணக்கர் இருட்டுக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.