காப்பு வளையம்

தொல்லியல் துறையின் முதுநிலை ஆய்வாளரான அந்த அம்மாள், மலையடிவாரத்து நிலத்தடி நீர்க்கால்வாய்களை ஒன்பது வருடம் அளந்து, உலகப் பாரம்பரியப் பட்டியலுக்காக நானூறு பக்க விண்ணப்பம் தயாரித்திருந்தார். ஒரு நாடு வருடத்துக்கு ஓர் இடத்தைத்தான் முன்மொழியலாம். கால்வாய்கள் இருந்ததோ எதிர்க்கட்சி ஜெயித்த தொகுதியில். அமைச்சரின் தொகுதியில் ஒரு பழைய சுங்க மாளிகை இருந்தது. மேலே புறாக்கள், கீழே உரக் கிடங்கு.

“கால்வாய் எங்கம்மா போயிடப் போகுது? ரெண்டாயிரம் வருஷம் இருந்தது, இன்னும் ரெண்டு வருஷம் இருக்காதா?” என்றார் அமைச்சர்.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆய்வாளர் மாளிகையைப் பற்றி எழுத உட்கார்ந்தார். பழைய பதிவேடுகளைப் புரட்டப் புரட்ட, கட்டடம் அவரையே உள்ளே இழுத்துக்கொண்டது. அதைச் சுற்றி, புதிய கட்டடம் எதுவும் எழும்பக் கூடாத காப்பு வளையத்தை இருநூறு மீட்டருக்கு வரைந்தார். அமைச்சருக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. பக்கத்து நாட்டுக்காரர்கள் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தார். ஐந்நூறு என்றார்கள். தன் கையாலேயே எழுநூறு என்று திருத்திக் கையெழுத்திட்டார்.

சர்வதேசக் கூட்டத்தில் நிபுணர்கள் இன்னும் ஆய்வு தேவை என்று எழுதியிருந்தார்கள். காபி இடைவேளையில் நம் தூதர் நாலைந்து நாட்டுத் தூதர்களோடு பேசினார். அவர்கள் கோட்டைக்கு நம் ஓட்டு, நம் மாளிகைக்கு அவர்கள் ஓட்டு. மதியச் சாப்பாட்டுக்குள் மாளிகை பட்டியலில் ஏறிவிட்டது. தொகுதி முழுக்க அமைச்சரின் சிரித்த முகம் பதாகைகளில் தொங்கியது.

மூன்றாம் மாதம் அவருடைய மச்சான் ஏழு மாடி ஹோட்டல் கட்ட அனுமதி கேட்டார். மனை, மாளிகையிலிருந்து சரியாக அறுநூறு மீட்டரில் இருந்தது.

அமைச்சர் ஆய்வாளரைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் வேறு யாரும் இல்லை.

“அந்த வளையத்தைக் கொஞ்சம் சுருக்க முடியாதாம்மா?”

“முடியும் சார். தப்பா அளந்துட்டோம்னு நாமளே எழுதிக் கொடுக்கணும். திருத்தினவர் பேரும் அதுல வரும்.”

அமைச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வீட்டுல மூணு நாளா என்கிட்ட பேச்சே இல்லம்மா. அவ கூடப்பிறந்த தம்பியாச்சே.”

மாடிப்படி ஏறும்போது ஆய்வாளர் நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தார்.  இப்போது அந்த மனிதர்மேல் இரக்கம்தான் வந்து தொலைத்தது. அனுமதி மறுக்கும் கடிதத்தை மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

அமைச்சர் போட்டார். பேனாவை மூடிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“ஆள்கிட்ட கொடுத்தனுப்ப வேணாம். தபால்ல போடுங்க. ரெண்டு நாளாவது ஆகும்.”