ஒரு வீட்டுக்கு ஒரு காத்திருப்பு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு சட்டம் இருந்தது: ஒரு வீட்டில் ஒன்றுதான் காத்திருக்கலாம். ஊர் எங்கள் ஊர்தான். ஃப்ரிட்ஜ் இதில் சேராது, அது வேலை செய்கிறது. மிக்ஸியும் சேராது, அதற்கு எதிர்பார்ப்பே கிடையாது. வேலையும் செய்யாமல், அணையவும் அணையாமல் எது கரண்டைத் தின்கிறதோ அதைத் தேடித்தான் வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் அற்புதமேரி வந்தார். அதற்குள் அம்மா செல்போன் சார்ஜரைப் பிடுங்கி அரிசி டிரம்மில் போட்டிருந்தாள்.

டிவிக்குக் கீழே இருந்த செட்டாப் பாக்ஸில் மேடம் மீட்டரை வைத்தார். "பதினொரு வாட். ரிமோட்டுக்காகக் காத்திருக்கு." பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பாவின் நெற்றியில் வைத்தார். "இவர் பதினாலு. யாருக்காக?"

"மூத்தவ பூங்கோதைக்காக," என்றாள் அம்மா. "தானா கல்யாணம் கட்டிக்கிட்டா, இப்ப திருப்பூர்ல இருக்கா. வெளிய போன்னு சொன்னவரே இவருதான். மறுநாள்லேருந்து இப்படி."

"ரெண்டு ஆகாதும்மா. எது கூடவோ அதைத் துண்டிக்கணும்."

துண்டித்தால் என்ன ஆகும் என்று தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டில் வாஷிங் மெஷின் தப்பித்தது. ராமசுப்பு மாமாவைத் துண்டித்தார்கள். காத்திருப்போடு, காத்திருந்த விஷயமும் சேர்ந்து போய்விட்டது. போன வாரம் அவருடைய பென்ஷன் ஆர்டர் வந்தபோது, "வேற யாருக்கோ வந்திருக்குப்பா," என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கொஞ்சம் குறைச்சுக்கோங்கப்பா," என்றேன்.

அப்பா வாசலிலிருந்து பார்வையைத் திருப்பினார். பதின்மூன்று.

"அவ வந்தா என்ன பேசுறதுன்னு யோசிக்கிறதையும் விடுங்க," என்றாள் அம்மா. பன்னிரண்டு. இன்னும் ஒன்றரை குறைந்தால் போதும். அப்போது தெருவில் ஒரு ஆட்டோ நின்றது. முள் இருபதுக்கு ஏறியது. ஆட்டோ பக்கத்து வீட்டுக்கு வந்தது.

மேடம் பேனாவைத் திறந்தார்.

"பெயர் மாத்த முடியுமா மேடம்?" என்று கேட்டார் அப்பா. "என்னோடதை அந்தப் பாக்ஸ் பேருக்கு?"

"விதியில இடம் இருக்கு. ரிமோட் அதுக்கு மறந்துரும். பொண்ணு உங்களுக்கு மறந்துரும்."

"வீட்ல ஒருத்தராவது காத்திருக்கணும்ல."

அப்பா பாக்ஸுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அக்கா இடது செருப்பை இழுத்து நடப்பாள், பெல்லை அடிக்க மாட்டாள், கேட் கொண்டியைத்தான் ஆட்டுவாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "திட்டுனதை மனசுல வச்சுக்காதேன்னு சொல்லிரு," என்றார் கடைசியாக. சிவப்பு விளக்கு பச்சையானது. மேடம் படிவத்தில் எழுதினார், அப்பா கையெழுத்துப் போட்டார். அப்பாவின் நெற்றியில் மீட்டர் பூஜ்யம் காட்டியது.

"சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார் அப்பா. ஒன்பது மாதத்தில் முதல்முறையாக மறுசோறு வாங்கினார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "இந்தப் பொண்ணு லட்சணமா இருக்கா, யாரு?" என்றார். அம்மா ரசம் ஊற்றினாள். சாப்பிட்டுப் படுத்தவர் உடனே தூங்கிவிட்டார்.

மேடம் அடுத்த வீட்டுக்குப் போனார்.

பாக்ஸ் தன் வயரைச் சுருட்டிக்கொண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்கியது.

"வெயிலா இருக்கு, குடையை எடுத்துக்க," என்றாள் அம்மா. "திருப்பூர் பஸ் மூணாவது பிளாட்பாரம்."

அது குடையை விரித்து, கேட் கொண்டியை மறக்காமல் மாட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனது.