சமத்துவ வீட்டில் ஒரு வாக்கெடுப்பு

மாசியில் ஐந்து பேர் சேர்ந்து அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தபோது, இதில் தலைவன் என்று யாரும் கிடையாது என்று பாஸ்கரன் சொன்னான். அவனுக்குக் கணினி வேலை. மற்ற நேரமெல்லாம் பழைய ருஷ்ய நாவல்கள். ஜார் காலத்து எழுத்தாளர்கள் கனவு கண்ட கூட்டு வாழ்க்கையை ஆக்லாந்தில் வாழ்ந்து பார்த்துவிடலாம் என்று நம்பினான். ஒரே சமையல். எதுவானாலும் ஞாயிறு காலைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு. முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்த குணவதிக்கும் அந்த நாவல்கள் உயிர். அவளும் நம்பித்தான் வந்தாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவள் களைத்துப்போயிருந்தாள். ஹீட்டரை எப்போது போடுவது என்பதற்குக்கூடக் கூட்டம். பாஸ்கரன் ஒருபோதும் உத்தரவு போட்டதில்லை. பொறுமையாகப் பேசுவான், தான் நினைத்தது நடக்கும்வரை பேசுவான். எழுந்து போனால் போதும் என்று வீட்டில் இருந்த மற்ற இருவர், மதன்குமாரும் அபிதாவும், கையைத் தூக்கிவிடுவார்கள்.

மகேசன் மட்டும் கூட்டத்துக்கு வரமாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் இரவு வேலை முடித்து வந்து அந்த நேரத்தில் தூங்குவார். தன் முறைச் சமையலை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஒரு ஞாயிறு பாஸ்கரன் ஆரம்பித்தான். "மகேசன் அண்ணன் கெட்டவர்னு சொல்லல. ஆனா இந்த வாழ்க்கையில அவருக்கு நம்பிக்கை இல்ல. அவர் வேற இடம் பார்த்துக்கறது நல்லது."

"அவர் என்ன தப்பு பண்ணினார் பாஸ்கர்?" என்றாள் குணவதி.

"தப்புன்னு இல்ல குணா. எல்லாரோட நன்மைக்கும்தான்."

"நாம படிச்ச நாவல்கள்ல இப்படிப் பேசுறவன் கைக்குத்தான் கடைசில அதிகாரம் போகும். ஜார் மட்டுமா ஆண்டான்? உலகத்தைத் திருத்த வந்தவனும்தான்."

பாஸ்கரன் உண்மையாகவே வருத்தப்பட்டான். "அதிகாரமா? எங்கிட்டயா? அதான் ஓட்டு எடுக்கிறோமே!"

மூன்று கைகள் உயர்ந்தன. அபிதாவின் கை கடைசியாக உயர்ந்தது. அவள் குணவதியைப் பார்க்கவில்லை.

மகேசனிடம் போய்ச் சொல்ல யாரும் முன்வரவில்லை. குணவதியே கதவைத் தட்டிச் சொன்னாள். அவர் சண்டை பிடிக்கவில்லை. "ஓம் தங்கச்சி, விளங்குது" என்றார்.

சனிக்கிழமை அவருடைய பெட்டிகளைக் காரில் ஏற்றி, மங்கரேயில் தெரிந்தவர் வீட்டுக்கு அவளே அழைத்துப்போனாள். வழியெல்லாம் மழை.

"ஒரு நாளாவது கூட்டத்துக்கு வந்திருக்கலாமே அண்ணா?"

"இருபது வயசில ஊரில எத்தினையோ கூட்டத்துக்குப் போனனான். எல்லாரும் சமமா இருக்கிற நாடு வரப்போகுது எண்டு கதைப்பினம். நானும் கை தூக்கினனான். பிறகு, கேள்வி கேட்ட என்ர சிநேகிதனை அவையளே கூட்டிக்கொண்டு போச்சினம். அவன் திரும்பி வரேல்லை." கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தபடி சொன்னார்: "பாஸ்கரன் நல்ல பெடியன், ஆருக்கும் கெடுதல் செய்யமாட்டான். எனக்குத்தான் கூட்டம் எண்டாலே அலுப்பு."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது பாஸ்கரன் காலி அறையில் நின்றிருந்தான். "இதை வாசகசாலை ஆக்கிடலாமா குணா? நாளைக்குக் கூட்டத்துல பேசணும்."

"நீங்களே முடிவு பண்ணிக்குங்க. நான் அடுத்த மாசம் கிளம்புறேன்."

"நீயுமா?" அவன் முகம் வாடிவிட்டது. "உட்காரு, பேசலாம்."

"பேசினது போதும் பாஸ்கர்."

நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் தன் கட்டிலில் சாய்ந்தாள். கூடத்தில் அவன் அபிதாவிடம் பொறுமையாக ஏதோ விளக்க ஆரம்பித்திருந்தான்.